வீட்டு ஜிம்: மெஷினும் மேட்டும் வாங்குவதற்கு முன்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளரான பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



செயலாளர் சார் எனக்குப் பத்து நிமிடம்தான் தந்திருக்கிறார். அஜெண்டாவில் எனக்கு அடுத்து, வீடுகளில் ஜிம் கருவிகள் வைக்கத் தடை என்று ஒரு தீர்மானம் இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு டிரெட்மில் இல்லாத மாடியே இல்லை என்று ஆகிவிட்டது. பாதி வீடுகளில் அதில் துண்டு காய்கிறது, அது வேறு விஷயம். ஓடுகிற மீதிப் பாதியால்தான் தகராறு. புகார்ப் புத்தகத்தில் இந்த வகையில் முதல் புகார் என் மேல்தான் இருக்கிறது. அதனால் பேச எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு எனக்குச் சர்க்கரை ஏறிப்போய், டாக்டர் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார். தெருவில் நாய், பள்ளம், மழை வந்தால் முழங்கால் தண்ணீர். மகன் ஒரு டிரெட்மில் வாங்கிப் போட்டான். படுக்கை அறை நடுவில், ஃபேனுக்கு நேர் கீழே. காலை ஐந்து மணிக்கு நான் நடப்பேன், பிறகு அவன் ஓடுவான். ஒரு நாள் கீழ் வீட்டு அம்மா வந்து, "சார், காலையில கொஞ்சம் சத்தம் வருது" என்றார்கள். மெஷினுக்கு அடியில் ஒரு ரப்பர் மேட் போட்டேன். மறுபடியும் வந்தார்கள். "பக்கத்து ரூம்ல இருக்கற எனக்கே மோட்டார் சத்தம் கேட்கலை, உங்களுக்கு எப்படிம்மா கேட்கும்?" என்று கேட்டுவிட்டேன். முப்பத்தைந்து வருடம் கான்கிரீட் போட்டவன் கேட்கிற கேள்வியா அது! அதற்குப் பிறகு லிஃப்டில் பார்த்தால் இரண்டு பேரும் ஃபோனைப் பார்த்துக்கொள்வோம். நாலு மாதம் அப்படியே போனது.

பிறகு அவர்களே ஒரு நாள் படியேறி வந்து, "சார், ஒரே ஒரு தடவை காலையில எங்க வீட்டுல வந்து உட்காருங்க" என்றார்கள். போனேன். அவர்களுடைய மாமியார் பக்கவாதம் வந்து படுக்கையில் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். மேலே மகன் ஓட ஆரம்பித்தான். மோட்டார் சத்தம் துளியும் இல்லை. தொம், தொம், தொம் என்று சீலிங்கிலிருந்து ஓர் இடி மட்டும் வந்தது. ஷோகேஸ் கண்ணாடி கிணுகிணுத்தது. ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பாட்டியின் இமை துடித்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

நான் கோட்டைவிட்டது இதைத்தான். சத்தத்தில் இரண்டு வகை உண்டு. டி.வி., மோட்டார், பேச்சு எல்லாம் காற்று வழியாக வருவது. நம் கான்கிரீட் தளம் அதை நன்றாகவே தடுத்துவிடும். இன்னொன்று தளத்தின் மேலேயே அடித்து உண்டாவது. அப்போது தளமே மத்தளத்தின் தோல் மாதிரி ஆகிவிடுகிறது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கீழே இறங்கும். 70 கிலோ ஆள் என்றால் 140 கிலோவுக்கு மேல், நிமிடத்துக்கு நூற்றைம்பது தடவைக்குக் குறையாமல். வேகமாக நடந்தால்கூட இதில் பாதிதான். மேல் வீட்டில் ஒன்றும் கேட்காது, கீழ் வீட்டில்தான் கேட்கும். அதனால் உங்கள் காதை நம்பி வாதம் செய்யாதீர்கள்.

எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது தளம் தாங்குமா என்றுதான். தாங்கும். ஐ.எஸ். 875 விதிப்படி, வீட்டு அறைகளின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ புழக்கச் சுமைக்குக் கணக்குப் போட்டுக் கட்டப்படுகிறது. பத்துக்குப் பத்து அறைக்கு, பரவலாக வைத்தால், 1,800 கிலோவுக்கு மேல் வரும். ஒரு டிரெட்மில்லும் ஒரு ஆளும் அதில் ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் இரும்புத் தட்டுகளை நூற்றுக்கணக்கான கிலோ வாங்கி ஒரே இடத்தில் அடுக்குவதும், தலைக்கு மேல் தூக்கிய பாரத்தைத் தொப்பென்று போடுவதும் வேறு கதை. அதை நம் மாதிரி வீடுகளில் செய்யவே கூடாது. தளம் நின்றுவிடும், டைல் நிற்காது. டைல் ஒட்டும்போது அடியில் கலவை சரியாகப் பரவாமல் வெற்றிடம் விட்டிருப்பார்கள். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், டொக் டொக் என்று கேட்கிற டைல் முதல் டம்பெல்லுக்கே விரிசல் விடும்.

இப்போது தரைக்கு வருகிறேன். கடையில் கலர் கலராக, புதிர் விளையாட்டு மாதிரி ஒன்றோடொன்று கோக்கிற ஃபோம் மேட் தருவார்கள். விலை குறைவு, குழந்தைகளுக்கும் தரைப் பயிற்சிக்கும் நல்லது. அதன் மேல் எடை தூக்கி நின்றால் கால் ஆடும். டிரெட்மில் வைத்தால் கால் பதிந்த இடமெல்லாம் அமுங்கி, மட்டம் போய், பெல்ட் ஒரு பக்கமாக ஓடும். எடை தூக்குகிறவர்களுக்கு அழுத்தமான ரப்பர்தான் சரி. சாதாரண டம்பெல்லுக்கு 8 முதல் 10 மி.மீ. போதும், இன்னும் கனமென்றால் 20 மி.மீ. பெரும்பாலும் பழைய டயரை அரைத்துச் செய்வது. வாசனை அடிக்கும், ஏ.சி. அறையில் தலைவலியே வந்துவிடும். வாங்கியதும் நாலைந்து நாள் பால்கனி நிழலில் விரித்து வையுங்கள். 10 மி.மீ. ரப்பர் சதுர அடிக்கு ஒரு கிலோ கனக்கும், டெலிவரி ஆளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாவம். வினைல் தரை போட்டவர்கள் ரப்பரை நேராக அதன் மேல் போட வேண்டாம், கறை பிடிக்கும், போகாது. வாரத்துக்கு ஒரு தடவை மேட்டைத் தூக்கித் துடைக்க வேண்டும். நம் ஊர் ஈரத்தில் அடியில் தண்ணீர் நின்றால் நாற்றமும் பூஞ்சையும்தான்.

ஆனால் ஒன்று. இந்த ரப்பரெல்லாம் டைலைக் காப்பாற்றும். கீழ் வீட்டின் தொம் தொம்மைக் காப்பாற்றாது. அதற்கு இன்னும் கனமான ஏற்பாடு வேண்டும். கீழே மெத்தென்ற ரப்பர், அதற்கு மேல் 18 மி.மீ. பிளைவுட், அதற்கு மேல் அழுத்தமான ரப்பர். பிளைவுட் சுவரைத் தொடக் கூடாது, விரலளவு இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வு சுவர் வழியே இறங்கும். இதிலும் ஓடுகிற சத்தம் குறையுமே தவிர அடங்காது. செலவில்லாத வழி, மெஷினை அறையின் நடுவிலிருந்து எடுத்து, பீம் போகிற சுவர் ஓரமாக வைப்பது. தளம் நடுவில்தான் அதிகம் ஆடும். பீம் எது என்று தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், வந்து காட்டுகிறேன்.

கருவி பற்றிச் சுருக்கமாக. டிரெட்மில் விளம்பரத்தில் பீக் குதிரைத்திறன் என்று பெரிதாகப் போடுவார்கள். தொடர்ந்து ஓடும் திறன் எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டு குதிரைத்திறன் என்றால் சுமார் 1,500 வாட். அதைச் சின்ன பிளக்கில் செருகக் கூடாது, ஏ.சி.க்கு இருப்பது போன்ற 16 ஆம்ப் பாயிண்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். பின்பக்கம் ஆறு அடி காலியாக இருக்கட்டும், விழுந்தால் சுவரில் மோதக் கூடாது. குழந்தை இருக்கிற வீட்டில், பயிற்சி முடிந்ததும் சேஃப்டி கீயைப் பிடுங்கி உயரத்தில் வைத்துவிடுங்கள். அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் ஒரு குழந்தை இறந்த பிறகு 2021இல் ட்ரெட் பிளஸ் என்ற மெஷின்களையே திரும்பப் பெற்றது. பெல்ட்டுக்கு அடியில் இழுபட்டுப் போகிற ஆபத்து அது.

பார்பெல் ஆசை இருக்கிற இளைஞர்களே, பெரிய பார் ஏழேகால் அடி நீளம். பத்தடி அறையில் பீரோ இரண்டடி போனால் தட்டு மாட்ட இடமிருக்காது. ஃபேன் இறக்கை எவ்வளவு உயரத்தில் சுற்றுகிறது என்றும் அளந்து பாருங்கள். கர்லாக்கட்டை சுற்றுகிறவர்களுக்கும் இதே பேச்சு. சுவரில் புல்-அப் பார் மாட்டுபவர்கள் கவனிக்க வேண்டும்: சி பிளாக்கின் உள் சுவர்கள் லேசான ஏ.ஏ.சி. கல். சாதாரண விரிவு போல்ட் அதில் பிடிக்காது, ஆளோடு கழன்று வரும்.

என் வயதுக்காரர்களுக்கு இதில் எதுவுமே தேவையில்லை. ஒரு வழுக்காத மேட், ரப்பர் பேண்ட் இரண்டு, இரண்டு அல்லது மூன்று கிலோ டம்பெல் ஒரு ஜோடி, கைப்பிடி இல்லாத கெட்டியான நாற்காலி ஒன்று. நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பதே நல்ல பயிற்சி. இவ்வளவும் ஒரு அலமாரித் தட்டில் அடங்கிவிடும்.

எங்கள் வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மெஷினைச் சுவர் ஓரம் நகர்த்தினோம். நான் காலை ஏழு மணிக்கு மேல் நடக்கிறேன், நடை மட்டும். மகன் சைக்கிளுக்கு மாறிவிட்டான், அது தரையை அடிப்பதில்லை. பாட்டி போன ஆவணியில் தவறிவிட்டார்கள். அதற்குப் பிறகும் கீழ் வீட்டு அம்மா, "சார், இனிமே அஞ்சு மணிக்கே நடங்க" என்று சொன்னார்கள். நான் ஏழையே வைத்துக்கொண்டேன்.

தீர்மானத்தைப் பற்றி என் கருத்து: தடை வேண்டாம். சர்க்கரைக்காரனும் முழங்கால் ஆபரேஷன் ஆனவரும் எங்கே போவார்கள்? அதற்குப் பதில் இரண்டு வரி போடுங்கள். காலை ஏழு முதல் இரவு ஒன்பது வரைதான் மெஷின் ஓட வேண்டும். புதிதாக வாங்குகிறவர் முதல் வாரத்திலேயே ஒரு தடவை கீழ் வீட்டில் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வர வேண்டும், அப்போது வீட்டில் வேறொருவர் ஓட வேண்டும்.

ஃபோம், 10 மி.மீ. ரப்பர், பிளைவுட் மூன்றிலும் ஒவ்வொரு துண்டு கொண்டுவந்து கிளப் ஹவுஸ் வாசலில் வைத்திருக்கிறேன். டீ குடிக்கும்போது ஒரு தடவை மிதித்துப் பாருங்கள். டம்பெல் மட்டும் என்னுடையது, அதை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.