இயந்திரத்துக்கும் விளங்க எழுதுவோம்
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



டயகமத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி டொக்டராகி மேடை ஏறினால் பிரஷரையும் சீனி வருத்தத்தையும் பற்றித்தான் பேசுவாள் என்று நினைத்திருப்பீர்கள். நான் இப்போது பாதி நேரம் வைத்தியசாலையிலும் மீதி நேரம் மருத்துவத் தகவலியலிலும் இருப்பவள். ஆகவே, ஒரு சிறிய மென்பொருள் கருவிக்கு விளக்கக் குறிப்பு எழுதுவதைப் பற்றிப் பேசப் போகிறேன். கேட்க வரண்ட விடயம்தான். ஆனால் அதில் நமது தாய்மாரின் பெயர்கள் இருக்கின்றன.

2020 ஜனவரியில் கொவிட் வந்தபோது, நாட்டுக்குள் நுழைவோரைப் பதிந்து பின்தொடர, டி.எச்.ஐ.எஸ். 2 என்ற திறந்த மென்பொருளில் முதன்முதலாக ஓர் அமைப்பைச் செய்தவர்கள் இலங்கையர்கள். பிறகு பல நாடுகள் அதை எடுத்துப் பயன்படுத்தின. அதன் கைபேசிச் செயலிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சிக்னல் இல்லாத இடத்திலும் பதியலாம். தகவல் டெப் உள்ளேயே இருந்து, சிக்னல் கிடைத்ததும் மேலே போகும். லயத்துக்கு லயம் ஏறி இறங்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று மலைநாட்டாருக்குச் சொல்லத் தேவையில்லை.

இப்படிப் பல டெப்களைக் கொடுத்த ஒரு நிறுவனம் அவற்றைத் தூர இருந்து கவனிக்க வேண்டும். மைக்ரோசொஃப்ட் இன்டியூன் போன்ற சேவைகள் அதற்காகவே உள்ளன. சாதனத்தின் பெயர், தொடர் இலக்கம், மென்பொருள் பதிப்பு, பாவிப்பவரின் மின்னஞ்சல், கடைசியாகத் தொடர்பு கொண்ட நேரம், விதிகளுக்கு இணங்குகிறதா என்ற நிலை, எல்லாம் ஒரே பதிவில் இருக்கும். இப்போது அந்தப் பதிவை மனிதர் தேடி எடுப்பதற்குப் பதிலாகச் செயற்கை நுண்ணறிவு முகவர் எடுக்கும் காலம் வந்துவிட்டது. 2024 நவம்பரில் அன்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மொடல் கொன்டெக்ஸ்ட் புரோட்டோகோல் அதற்கு ஒரு பொதுவழி. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்ன கொடுத்துக் கேட்க வேண்டும் என்ற வரையறை. முகவர் கருவியின் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. அந்த விளக்கத்தை வாசித்தே எதைக் கூப்பிடுவது என்று தீர்மானிக்கிறது.

அதாவது, முன்பு கைநூல் எழுதினால் வாசிப்பவர் சந்தேகம் வந்தால் தொலைபேசி எடுத்துக் கேட்பார். இந்த வாசகர் கேட்காமலே அடுத்த வேலைக்குப் போய்விடலாம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 'கடைசித் தொடர்பு' என்று ஒரு நிரல் இருக்கிறது. அது சாதனம் சேவையோடு கடைசியாகப் பேசிய நேரம். கடைசியாகப் பாவித்த நேரம் அல்ல. இன்டியூனில் அமைப்பை மாற்றாவிட்டால், 30 நாட்கள் பேசாத சாதனம் 'இணங்கவில்லை' என்று குறிக்கப்படும். கொழும்பில் அப்படி ஒரு டெப் என்றால் தொலைந்திருக்கும் என்று நினைக்கலாம். மேல் டிவிசனில் என்றால், அது தினமும் வேலை செய்துகொண்டே சிக்னலுக்குக் காத்திருக்கலாம். பெரட்டில் பெயர் கூப்பிடும்போது குரல் கேட்காதவர் எல்லாம் வேலைக்கு வராதவர் அல்ல என்று நமக்குத் தெரியும்தானே. அதைத் தெரியாத முகவர் ஒன்று, அழிக்கும் அனுமதியும் கையில் இருந்தால், அந்த டெப்பைத் தூர இருந்தே துடைத்துவிடலாம். மேலே போகாத பதிவுகளும் அதோடு போகும். ஒரு கர்ப்பிணித் தாயின் பிரஷர், ஒரு குழந்தையின் நிறை.

ஆகவே எங்கள் சிறு குழு குறிப்பு எழுதும்போது நாலு விடயத்தை விடாமல் எழுதுகிறோம்.

முதலாவது, கருவி என்ன செய்யும் என்பதோடு என்ன செய்யாது என்பதும். "ஒரு சாதனத்தின் விபரத்தைக் காட்டும், எதையும் மாற்றாது, அழிக்காது."

இரண்டாவது, ஒவ்வொரு நிரலின் பொருள். 'தெரியாது' என்ற நிலை 'பிழை' ஆகாது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தை வழிப் பிறப்புக்கு ஆதாரம் கேட்டபோது, கையில் கடதாசி இல்லாதவர் நாடில்லாதவர் ஆனார். வெற்று நிரலுக்குத் தவறான பொருள் கொள்வது என்னவெல்லாம் செய்யும் என்று நமது பாட்டன், பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள்.

மூன்றாவது, பதில் வராதபோது என்ன செய்வது. அப்படி ஒரு சாதனம் இல்லை என்பது வேறு, பார்க்க அனுமதி இல்லை என்பது வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்லாவிட்டால் முகவர் இட்டுக்கட்டிவிடும்.

நாலாவது, தேவையானதை மட்டும் கொடுப்பது. பதிப்பு பழையதா என்று கேட்டவருக்கு உத்தியோகத்தரின் தொலைபேசி இலக்கம் எதற்கு? 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நோக்கத்துக்கு வேண்டிய அளவே என்றுதான் சொல்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. குறிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது பூட்டு அல்ல. 'வாசிக்க மட்டும்' என்று கருவியில் ஓர் அடையாளம் இடலாம். அது அறிவிப்புப் பலகை மாத்திரமே. பூட்டு அனுமதியில் இருக்க வேண்டும். வாசிக்கும் முகவருக்கு வாசிக்கும் திறப்பு. அழிக்கும் திறப்பு பொறுப்புள்ள ஒரு மனிதரின் கையில்.

சகோதரிகளே, இந்த மண்டபத்திலும் இந்த மலரை வாசிக்கப் போகும் ஊர்களிலும் மென்பொருள் துறையில் இருக்கும் நமது பிள்ளைகள் நிறையப் பேர். குறிப்பு எழுதுவதைக் கடைசி நாளில் கடைக்குட்டியிடம் தள்ளிவிடும் வேலையாக நினைக்காதீர்கள். எழுதி முடித்ததும், அந்தச் சாதனத்தை உண்மையில் தூக்கித் திரியும் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். "மிஸ், இது சரியா?" என்று கேளுங்கள். எங்கள் குறிப்பில் சிக்னல் பற்றிய வரியைச் சேர்க்கச் சொன்னவர் பொறியியலாளர் அல்லர், மலையேறும் ஓர் உத்தியோகத்தர்.

இக்கல்லூரி நமக்குக் கட்டுரை எழுதக் கற்றுத் தந்தது, வாசிப்பவருக்கு விளங்க வேண்டும் என்பதற்காக. வாசிப்பவர் மாறியிருக்கிறார், அந்தப் பாடம் மாறவில்லை. நமது சங்கம் அடுத்த நூற்றாண்டிலும் தழைக்கட்டும்.