ரோட் பைக்கா, டிடி பைக்கா?

உங்ககிட்ட இருந்து அடிக்கடி வர்ற கேள்வி இது: "அண்ணா, முதல் ட்ரையத்லானுக்கு ரோட் பைக் வாங்கட்டுமா, டைம் ட்ரையல் பைக் வாங்கட்டுமா?" இதே கேள்வியில நானும் ஒரு வருஷம் மாட்டிக்கிட்டு இருந்தேன். கையில போனஸ் பணம், மனசுல கோவா 70.3.

முதல்ல வித்தியாசத்தைப் பார்த்துடுவோம். ரோட் பைக்ல வளைஞ்ச ஹேண்டில்பார். கை வைக்கிற இடத்துலயே பிரேக், கியர் ரெண்டும் இருக்கும். டிடி பைக்ல முன்பக்கம் ரெண்டு கம்பி நீட்டிக்கிட்டு இருக்கும். அதுதான் ஏரோ பார். முழங்கையை அதுல ஊன்றி, முதுகைத் தாழ்த்தி, கிட்டத்தட்ட படுத்த மாதிரி ஓட்டணும். கியர் அந்தக் கம்பியோட நுனியில. பிரேக் மட்டும் அங்க கிடையாது, பக்கவாட்டு ஹேண்டில்ல இருக்கும். இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வச்சுக்கங்க.

எதுக்கு இப்படிப் படுக்கணும்? காத்துக்காக. வேகம் ரெண்டு மடங்கானா காத்துத் தடை நாலு மடங்காகும். அதை எதிர்த்து நம்ம கால் கொடுக்க வேண்டிய பவர் எட்டு மடங்கு. அந்தத் தடையில பெரும்பங்கு சைக்கிளால வர்றதில்ல, நம்ம உடம்பால வருது.

1989 டூர் டி பிரான்ஸோட கடைசி நாள். வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் டைம் ட்ரையல். 50 நொடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட் ஏரோ பாரோட வந்தார். முன்னிலையில இருந்த லோரான் ஃபின்யோன் அது இல்லாம ஓட்டினார். மூணு வாரப் போட்டியை லெமாண்ட் வெறும் 8 நொடியில ஜெயிச்சார்.

கோவா 70.3-ல சைக்கிள் மட்டும் 90 கிலோமீட்டர். அடுத்தவர் முதுகுக்குப் பின்னாடி ஒண்டிக்கிட்டு ஓட்டக்கூடாது. மணிக்கு 30 கிலோமீட்டர்ல போனா 3 மணி நேரம். 31-ல போனா சுமார் 6 நிமிஷம் மிச்சம். கணக்குப்படி டிடி பைக்தான் சரின்னு நானும் முடிவு பண்ணிட்டேன்.

அந்தப் பொங்கலுக்கு நண்பனோட டிடி பைக்கை வாங்கிக்கிட்டு ஊருக்குப் போனேன். எங்க ஊர் செட்டிகுளம், பெரம்பலூர் பக்கம். கரும்பு ஏந்தின முருகன் இருக்கிற மலை, சுத்தி சின்ன வெங்காயக் காடு. விடியக்காலையில திருச்சி நெடுஞ்சாலையில பறந்தேன். சொர்க்கம்! ஆலத்தூர் கேட்ல திரும்பி ஊர் ரோட்டுக்கு வந்த பிறகும் ஏரோ பார்ல இருந்து கையை எடுக்கல.

தை மாசம் எங்க பக்கம் ரோட்டுல மக்காச்சோளம் காயும். ஒரு வளைவு தாண்டினதும் பாதி ரோட்டுக்குச் சோளம். நடுவுல ஒரு ஆயா, காலால கிளறி விட்டுக்கிட்டு இருந்தாங்க. கம்பியிலிருந்து கையை எடுத்து பிரேக்கைப் புடிக்க ஒரு நொடி ஆகியிருக்கும். அதுக்குள்ள சக்கரம் சோளத்துல ஏறி, வழுக்கி, நான் கீழே. ஆயாவுக்கும் எனக்கும் நடுவுல ரெண்டடி கூட இல்ல.

எனக்கு முட்டி தேஞ்சதோட போச்சு. ஆயா கேட்டாங்க: "ஏந்தம்பி, சைக்கிள்ல பிரேக் இல்லியா?"

பிரேக் இருந்துச்சு. என் கை அங்க இல்ல.

டிடி பைக் மோசம்னு நான் சொல்லல. வண்டி, ஆடு, ஆள் எதுவும் குறுக்கே வராதுன்னு ரோட்டை மூடிக் கொடுக்கிற போட்டிக்காகச் செஞ்சது அது. நான் போட்டி ஓட்டுறது வருஷத்துல ஒரு நாள். மிச்ச நாளெல்லாம் ஓட்டுறது ஈசிஆர்லயும் ஊர் ரோட்டுலயும்தான்.

கடைசியில ரோட் பைக் வாங்கினேன். அதுலயே மாட்டுற கிளிப்-ஆன் ஏரோ பாரைப் போட்டு, சீட்டைக் கொஞ்சம் முன்னாடி நகர்த்திக்கிட்டேன். டிடி பைக் அளவுக்கு வசதியா வளைய முடியாது. சில நிமிஷம் போகும்னு தெரிஞ்சேதான் விட்டுக்கொடுத்தேன்.

அதனால வாங்குறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுக்கங்க. வாரத்துல எத்தனை நாள் குரூப் ரைடு போறீங்க? கூட்டத்துக்குள்ள ஏரோ பார்ல படுத்தா யாரும் பக்கத்துல சேர்த்துக்க மாட்டாங்க. உங்க போட்டியில டிடி பைக்கை அனுமதிக்கிறாங்களா? ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் ஒண்டி ஓட்டலாம்னு இருக்கிற ட்ரையத்லான்ல ரோட் பைக்தான். கடைசியா, நீங்க தினமும் ஓட்டுற ரோட்டுல யார் குறுக்கே வருவாங்க?

ரெண்டு மூணு போட்டி முடிச்சு, பயிற்சிக்கு ஆளில்லாத ரோடும் கிடைச்சா, அப்போ டிடி பைக் வாங்குங்க. நானும் வாங்கலாம். ஆனா ஆலத்தூர் கேட் தாண்டினா கை பிரேக்லதான் இருக்கும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். ஹெல்மெட் போட்டுட்டு ஓட்டுங்க மக்களே.