கிலோவும் பீஸும்



நம்ம திருப்பூரில் துணி கிலோ கணக்கு. பனியன் பீஸ் கணக்கு. இரண்டையும் கலந்தால் கணக்கே கெட்டுப்போகும். கணினியில் பைட்டும் எழுத்தும் அப்படித்தான்.

‘திருப்பூர்’ கண்ணுக்கு 5 எழுத்து, யுனிகோடில் 10 குறியீடு, யு.டி.எஃப்-8 முறையில் 30 பைட். 1999 தமிழ்நெட் மாநாட்டில் வந்த ‘டாப்’ முறையில் ஒரு குறிக்கு ஒரு பைட்தான். அந்தப் பழைய கணக்கிலேயே, ஒரு பனியன் கம்பெனியின் சம்பளச் சீட்டில் பெயருக்கு 20 பைட் ஒதுக்கிவிட்டேன். ஒரு அக்கா சீட்டை நீட்டி, “இது யாருங்க தம்பி? என் பேர் இல்லீங்களே!” என்றார். தலைகுனிந்தேன்.

ஹாஸ்கெல் மொழியில் ‘டெக்ஸ்ட்’ ஒரு வகை, ‘பைட்ஸ்ட்ரிங்’ வேறு வகை. ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தால் கம்பைலரே தடுக்கும். ஆனால் ‘சார்8’ பகுதியின் ‘பேக்’கை நம்பாதீர்கள், குறியீட்டின் கடைசி 8 பிட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைச் சத்தமில்லாமல் வெட்டும். ஆங்கிலம் தப்பிக்கும், தமிழ் சிதையும்.

ஆகவே உள்ளே வரும்போதே முறையைச் சொல்லி எழுத்தாக்குங்கள். வெளியே போகும்போது மட்டும் பைட்டாக்குங்கள். டெக்ஸ்ட்டும் எண்ணுவது 10 தான், 5 அல்ல. கண்டபடி வெட்டினால் புள்ளி உதிரும்.

உழைப்பவர் பெயரை முழுசாக அச்சிடுவதும் பொறியியல்தான்.