கடைக்கு இடம் பார்க்கும்போது

(கூட்டுறவுப் பண்டகசாலை அமைப்பதற்காகக் கூடிய ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பண்டகசாலை ஆரம்பிப்பது என்று சென்ற கூட்டத்தில் முடிவு செய்தோம். அறுபது பேர் ஆளுக்கு 5,000 ரூபாய் பங்கு. ஆக மூன்று லட்சம். சரக்கு எங்கே எடுப்பது, தராசில் யார் நிற்பது, கணக்கு யார் எழுதுவது என்பதெல்லாம் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. தீராமல் நிற்பது ஒன்றுதான். கடையை எங்கே வைப்பது?

"இதென்ன பிரமாதம்! காலியாக இருக்கும் கடை ஒன்றைப் பிடித்தால் போயிற்று" என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். சரக்கில் நஷ்டம் வந்தால் அடுத்த மாதம் ஈடுகட்டலாம். இடத்தில் ஏமாந்தால் போட்ட மூலதனமே போய்விடும். அதனால்தான் இன்று இதைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

நாம் போய்ப் பார்த்ததில் இரண்டு இடங்கள் மிஞ்சியிருக்கின்றன. ஒன்று கடைவீதியில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே. மாதம் 18,000 வாடகை, பத்து மாத அட்வான்ஸ். மற்றொன்று ஆலைக் கேட்டுக்குப் பின்னாலுள்ள தெருவில். 7,000 வாடகை, மூன்று மாத அட்வான்ஸ். கடைவீதி இடம் கண்ணைப் பறிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். அங்கே அட்வான்ஸ் மட்டும் 1,80,000. மீதி 1,20,000-ல் அலமாரி, தராசு, பெயர்ப்பலகை, முதல் மாத வாடகை எல்லாம் போக, அரிசி பருப்பு வாங்க என்ன மிஞ்சும்? வீதியைப் பார்த்த கடை இருக்கும். கடைக்குள் சரக்கு இருக்காது. ஆலைத் தெருவில் அட்வான்ஸ் 21,000-த்தோடு முடிகிறது.

இந்தக் கணக்கை நமக்கு முன்பே போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற நெசவாலை ஊரில் 1844-ல் 28 பேர் சேர்ந்து ஒரு சங்கம் கண்டார்கள். வாரம் சில பென்னிகளாகச் சேர்த்த மூலதனம் 28 பவுன். டோடு லேன் தெருவில் 31-ஆம் இலக்கக் கிடங்கின் கீழ்த் தளத்தை மூன்று ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார்கள். ஆண்டு வாடகை 10 பவுன். ஓர் ஆண்டு வாடகையே மூலதனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! அதுவும் பகட்டான இடம் அல்ல, பழைய கிடங்கு. இடத்தைச் சீர்படுத்தியது போக மிஞ்சியதில் கொஞ்சம் வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவத்தி வாங்கி வைத்து, 1844 டிசம்பர் 21 மாலை கதவைத் திறந்தார்கள். ஆலைச் சிறுவர்கள் வாசலில் கூடி நின்று கேலி செய்தார்களாம். செய்யட்டுமே! 1867-ல் அதே சங்கம் தனக்கென்று பெரிய மத்தியக் கடையைக் கட்டிக்கொண்டது. அந்தப் பழைய கிடங்கு இன்று அருங்காட்சியகம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வாடகைத் தொகையை மட்டுமல்ல. மூன்று ஆண்டுக் குத்தகை என்ற ஷரத்தையும் கவனிக்க வேண்டும். கடை காலூன்றும்வரை யாரும் எழுப்ப முடியாது என்ற உறுதி அவர்களுக்கு இருந்தது. வாடிக்கை பிடிக்க ஆண்டுக் கணக்கில் உழைக்கிறோம். வாடிக்கை பிடித்தபின், "இடத்தைக் காலி செய்" என்று ஒரு நோட்டீஸ் வந்தால், அந்த உழைப்பு முழுவதும் யாருக்குச் சேரும்? கட்டடக்காரருக்கு. அடுத்து வருகிறவரிடம் அவர் கூடுதல் வாடகை கேட்பார், பகடியும் கேட்பார். அந்த இடத்துக்கு மதிப்பு ஏற்றி வைத்தவர்கள் நாமல்லவா?

நம் நாட்டு உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். காபி போர்டு தான் நடத்திவந்த காபி ஹவுஸ்களை 1950-களில் மூடத் தொடங்கியது. வேலையிழந்த சிப்பந்திகளைத் தோழர் ஏ.கே.கோபாலன் திரட்டினார். 1957-ல் பெங்களூரிலும் தில்லியிலும், 1958-ல் திருச்சூரிலும் தொழிலாளர் கூட்டுறவுக் காபி ஹவுஸ்கள் எழுந்தன. தொழில் அவர்கள் கையில் இருந்தது, வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள், நாணயம் இருந்தது. இடம்? பெங்களூர் மகாத்மா காந்தி சாலையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நடந்த காபி ஹவுஸ், கட்டட உரிமையாளரோடு நடந்த வழக்கில் தோற்று, 2009 ஏப்ரலில் சர்ச் தெருவுக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. தில்லி கனாட் பிளேஸில் அரசியல்வாதிகளும் எழுத்தாளர்களும் கூடிய காபி ஹவுஸ், 1976-ல் அவசரநிலைக் காலத்தில் இடித்துத் தள்ளப்பட்டது. பின்னர் மோகன்சிங் பிளேஸில் அதற்கு இடம் கிடைத்தது. ஒன்றை எழுப்பியவர் தனியார். மற்றொன்றை எழுப்பியது சர்க்கார். இரண்டு இடத்திலும் காபி நன்றாக இல்லை என்று யாரும் சொல்லவில்லை!

இனி நம் ஊர்ச் சங்கதிக்கு வருவோம். கடைவீதிக் கட்டடக்காரர் என்ன சொல்கிறார்? "பதினோரு மாத அக்ரிமெண்டு, முத்திரைத் தாளில் எழுதிக்கொள்வோம், ரிஜிஸ்தர் எல்லாம் வேண்டாம்" என்கிறார். பதினோரு மாதம் என்பதன் சூட்சுமம் எல்லோரும் அறிய வேண்டியது. ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். பதினோரு மாதத்தில் நிறுத்திக்கொண்டால் அந்தப் பதிவு தேவையில்லை. பன்னிரண்டாம் மாதம் நம் கையில் உரிமையும் இல்லை. பதிவு செய்த குத்தகையோ கட்டடத்தை விலைக்கு வாங்குகிறவரையும் கட்டுப்படுத்தும்.

"வாடகைச் சட்டம் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?" என்று மூத்த தோழர்கள் கேட்கலாம். அவர்கள் மனத்தில் இருப்பது 1960-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் நியாய வாடகை நிர்ணயிக்க வழியிருந்தது. அட்வான்ஸும் ஒரு மாத வாடகைக்கு மேல் கூடாது என்றிருந்தது. (நடைமுறையில் எத்தனை பேர் அதற்குக் கட்டுப்பட்டார்கள் என்பது வேறு விஷயம்.) அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில், வாடகை என்பது இருவரும் ஒப்புக்கொண்ட தொகைதான். மூன்று மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்று ஒரு பிரிவு சொல்கிறது. அதே வாய், "வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்" என்றும் சொல்கிறது. பத்து மாதத்துக்கு நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு எந்தப் பிரிவைக் காட்டுவது? எழுத்து மூலமான ஒப்பந்தம் கட்டாயம். வாடகை அதிகாரியிடம் அதைப் பதிய வேண்டும். ஒப்பந்தம் எழுதவில்லை என்பதே வெளியேற்றுவதற்கு ஒரு காரணமாகும். ஆகவே "வாய்ப்பேச்சு போதும், நம்மவர்தானே" என்ற வார்த்தைக்கு மயங்கலாகாது.

ஆலைத் தெரு உரிமையாளர் ஐந்து ஆண்டுக்குப் பதிவு செய்து தரச் சம்மதிக்கிறார். பத்திரச் செலவு நமது. ஆண்டுக்கு ஐந்து சதவீதம் வாடகை உயர்வு கேட்கிறார்; ஒப்புக்கொள்ளலாம், ஆனால் சதவீதத்தைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். "அப்போதைய நிலவரப்படி" என்ற சொற்கள் எங்கேயும் வரக்கூடாது. ஜிஎஸ்டி உண்டா, உண்டென்றால் அந்தப் பதினெட்டு சதவீதம் யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் வரட்டும். மின் இணைப்பு வீட்டு உபயோகத்துக்கானது. அதை வணிக இணைப்பாக மாற்றிக்கொள்ளாமல் கடை திறந்தால் அபராதம் நம் தலையில் விழும். அந்த மாற்றத்தைச் சொந்தக்காரர் செய்து தரட்டும். வில்லங்கச் சான்று எடுத்துக் கட்டடம் அடமானத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாங்கி ஏலம் போட்டால் வாசலில் முதலில் நிற்பது நம் மூட்டைகள்தான். பத்திரம் செயலாளர் பெயரிலோ தலைவர் பெயரிலோ வேண்டாம். பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கம் தன் பெயரிலேயே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். பதிவு கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கொடுப்பதையும் தள்ளிப் போடுவோம். நிர்வாகிகள் மாறுவார்கள், சங்கம் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கடை வாசலில் இரண்டு பெண்கள் கீரையும் காய்கறியும் வைத்து விற்கிறார்கள். "நீங்கள் வருவதானால் அவர்களைக் கிளப்பிவிடுகிறேன்" என்று கட்டடக்காரர் நமக்குச் சலுகைபோலச் சொன்னார். அந்தச் சலுகை நமக்கு வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டோம். 2014-ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும்வரை யாரையும் அப்படி அப்புறப்படுத்த முடியாது. நகர விற்பனைக் குழுவில் பத்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள். இடத்துக்கு உத்தரவாதம் தேடி அலைகிற நாம், இருக்கிறவர்களின் இடத்தைப் பறித்தா கடை திறப்பது? போகட்டும், வியாபாரக் கண்ணோடு பார்த்தாலும் கீரை வாங்க வருகிறவர் பருப்புக்கு நம்மிடம்தானே வருவார்.

ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. அந்தத் தெருவில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குகிறது. சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறை தெரிகிறது. அரிசி மூட்டையைத் தரையில் வைக்க முடியாது. ஓர் அடி உயரத்துக்கு மேடை கட்ட வேண்டும், அந்தச் செலவை முதல் வாடகைகளில் கழித்துக்கொள்ளக் கேட்டிருக்கிறோம். பதில் வரவில்லை. இரண்டாம் ஷிப்ட் விடும்போது தெருவில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்பதையும் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை. இரண்டு தோழர்கள் இந்த வாரம் மூன்று நாள் அங்கே நின்று எண்ணட்டும். ஞாயிற்றுக்கிழமை வில்லங்கச் சான்றையும் அந்த எண்ணிக்கையையும் வைத்துக்கொண்டு மறுபடி கூடுவோம்.