மழை பெய்தால் சாகும் மீன்

அமெரிக்காவின் சியாட்டில் நகர ஓடைகளுக்கு, இலையுதிர் காலத்தில் கோஹோ சால்மன் மீன்கள் கடலிலிருந்து முட்டையிட வரும். மழை கொட்டிய சில மணி நேரத்திலேயே அவை தள்ளாடும். நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். சுற்றிச்சுற்றி நீந்திச் செத்துப்போகும். வயிற்றைக் கீறினால், இடாத முட்டைகள் அப்படியே நிறைந்திருக்கும்.

நோயா, பூச்சிமருந்தா, உலோகமா என்று ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். 2020-இல் விடை கிடைத்தது: வண்டி டயர். ரப்பரில் வெடிப்பு விழாமலிருக்க 6பிபிடி என்ற ரசாயனம் சேர்க்கிறார்கள். அது காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து வேறொரு நஞ்சாக மாறுகிறது. தேய்ந்த டயர்த்தூளோடு சாலையில் கிடப்பதை மழை ஓடைக்குக் கொண்டுபோகிறது. அந்த நஞ்சில் ஒரே ஒரு கிராம், ஏறக்குறைய ஒரு கோடி லிட்டர் நீரில் கலந்தாலும், கோஹோ குஞ்சுகளில் பாதி ஒரே நாளில் மடிந்துவிடும்.

என்னை உலுக்கியது இன்னொரு செய்தி. கோஹோவைக் கொன்ற அதே நீரில் விட்ட, சம் என்ற இன்னொரு சால்மன் வகை சாகவில்லை! இரண்டும் நெருங்கிய உறவு. சம் மீனை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் ஆபத்தில்லை என்றே எழுதியிருப்பார்கள். டயரில் சேர்த்த பொருளை மட்டும் ஆராய்ந்தாலும் போதாது. வெளியே வந்தபின் அது என்னவாகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

ஒரு சோதனையில் சாலை நீரை மணலும் மட்கிய உரமும் கலந்த மண்படுகை வழியே வடிகட்டி விட்டார்கள். அந்த நீரில் விட்ட கோஹோ பிழைத்தது. டயருக்கு மாற்று ரசாயனத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.