விடுமுறையும் ஆங்கிலப் பரீட்சையும்



டிசம்பர் விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். மார்கழி பஜனை, நத்தார், தைப்பொங்கல் எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. கொண்டாடுவோம். ஆனால் ஐ.ஈ.எல்.டி.எஸ். எழுதப்போகும் பிள்ளைகளுக்கு இதுதான் படிக்கும் காலம்.

அந்தப் பரீட்சைக் கட்டணம் நம் பெண்கள் பல நாள் கொழுந்தெடுத்துச் சேர்த்த காசு. அதை வீணாக்க மாட்டோம்.

அதில் சித்தி, தவறல் கிடையாது; 0 முதல் 9 வரை புள்ளிதான். போகிற இடம் எத்தனை புள்ளி கேட்கிறது, உயர்கல்விக்கான பரீட்சையா பொதுப் பரீட்சையா என்று அறிந்தபின் பணம் கட்டுவோம். பெறுபேறு பொதுவாக 2 வருடத்துக்கே செல்லும். புள்ளி வாங்கித் தருவதாக வரும் தரகருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

கேட்டல் பகுதியில் ஒலிப்பதிவை ஒரே தடவைதான் போடுவார்கள். தினமும் போனில் ஆங்கிலச் செய்தி கேட்டுப் பழகட்டும். எழுத்தில் 250 சொல் கட்டுரைக்கே கூடிய புள்ளி. நாளுக்கு ஒன்று எழுதி ஆசிரியரிடம் காட்டட்டும். பேச்சுப் பகுதியில் முதலில் வீடு, ஊர், வேலை, படிப்பு பற்றிக் கேட்பார்கள். நம் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல நம்மிடம் நிறைய உண்டு. கூச்சம் எதற்கு?

லயத்தில் ஒரு வீட்டுப் பாட்டு நாலு வீட்டுக்குக் கேட்கும். மாலையில் இரண்டு மணிநேரம் சத்தத்தைக் குறைப்போம். அந்த நேரத்தில் பெண்பிள்ளையைத் தண்ணீருக்கும் விறகுக்கும் அனுப்பாதிருப்போம். பிள்ளைக் காம்பராவை மாலையில் படிக்கத் திறந்துவிடும்படி நிர்வாகத்திடம் சங்கமாகக் கேட்போம்.

பரீட்சை எழுதுவது ஒரு பிள்ளை. அதற்கு இடமும் நேரமும் கொடுக்க வேண்டியது நாம் எல்லோரும்.