தொட்டிக்குள் இறங்குமுன்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்வியின் பெருமையை எனக்கு முன் பேசிய பெரியோர்கள் விரிவாகவே எடுத்துரைத்துவிட்டார்கள். அதையே நானும் திருப்பிச் சொன்னால் உங்கள் பொறுமையைச் சோதித்தவனாவேன். நான் பார்த்த வேலையைப் பற்றிப் பேச வேண்டும் என்பதே கழகச் செயலாளர் எனக்கு இட்ட கட்டளை. எண்ணெய்க் கப்பலின் தொட்டிகளுக்குள் இறங்கி, அங்கே வெல்டிங் நெருப்பைக் கொண்டு வரலாமா, கூடாதா எனச் சோதித்து, கையெழுத்திட்டுச் சான்று தருவதே அந்த வேலை. இப்படி ஒரு வேலை உண்டென்பதே இங்குள்ள பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். ஆனால் அந்தத் தொட்டிகளுக்குள் இறங்கிச் சேறு வாருகிறவர்களும் துருச் சுரண்டுகிறவர்களும் யார் என்பது உங்களுக்குப் புதிய செய்தி அன்று.

வெல்டிங் பட்டறைகளில் ஒரு பழக்கம் உண்டு. பெட்ரோல் இருந்த பீப்பாயைப் பற்றவைக்கக் கொண்டு வந்தால், விவரமறிந்த மேஸ்திரி அதைத் தொடமாட்டார். "காலிப் பீப்பாய்தானே" என்று கொடுத்தவர் சொல்வார். காலி என்பதுதான் ஆபத்து. நிறைந்த பீப்பாயில் ஆவி தங்க இடமில்லை. காலிப் பீப்பாயில் அடியில் ஒட்டிய சில துளிகள் ஆவியாகிக் காற்றோடு கலந்து நிற்கின்றன. 100 பங்கு காற்றுக் கலவையில் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு பெட்ரோல் ஆவி சேர்ந்தாலே அது பற்றிக்கொள்ளும். ஏழெட்டுப் பங்குக்கு மேற்போனால் காற்று போதாமல் பற்றாது. இவ்விரு எல்லைகளுக்கும் இடையில்தான் வெடிப்பு இருக்கிறது. கப்பலின் தொட்டி அதே பீப்பாய்தான். அளவில் நமது பள்ளிக் கட்டடத்தை விழுங்கக் கூடியது.

தொட்டியைக் கழுவினால் தீர்ந்தது எனவும் எண்ணிவிடலாகாது. 1969ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மட்டும் மார்ப்பெஸா, மாக்ட்ரா, கோங் ஹாக்கன் என்னும் மூன்று மாபெரும் எண்ணெய்க் கப்பல்கள் தொட்டி கழுவும் வேளையில் நடுக்கடலில் வெடித்தன. பீய்ச்சிய நீர்த்துளிகளே தொட்டிக்குள் மின்னேற்றம் உண்டாக்கின என ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். கரியமிலவாயு, நைட்ரஜன் போன்ற எரியவிடாத வாயுவைத் தொட்டிக்குள் நிரப்பிக் காக்கும் முறை பெரிய கப்பல்களில் கட்டாயமானதற்கு அந்த மாதமே வழிகோலியது.

கழுவி, காற்றூட்டி, சேறு அள்ளிய பிறகு சோதிப்பவர் வருகிறார். நம் ஊர்களில் பாழுங்கிணற்றில் தூர்வாரப் போகும்போது முதலில் விளக்கொன்றைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. எழுத்தறியாத நம் முன்னோர் கையாண்ட இம்முறையை நான் மிக மதிக்கிறேன். அது முறையான அறிவியல். ஆனால் அந்த விளக்கு ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை சொல்லும்: அங்கே பிராணவாயு போதுமா என்பது. எண்ணெய்த் தொட்டியில் அதே விளக்கை இறக்கினால் விடை சொல்ல விளக்கும் இராது, கேட்டவரும் இரார். ஆகவே கருவிகள் தேவைப்படுகின்றன.

கருவியால் முதலில் பார்ப்பது பிராணவாயு. வெளிக்காற்றில் அது நூற்றுக்கு 20.9 பங்கு. அமெரிக்க நாட்டில் இத்தொழிலுக்கென வகுத்த 306ஆம் எண் தரவிதி, ஆள் இறங்க 19.5க்குக் குறையக் கூடாது என்றும், நெருப்பு வேலைக்கு 22க்கு மிகக் கூடாது என்றும் கூறுகிறது. மிகுவது எப்படி என நீங்கள் கேட்கலாம். வெட்டும் கருவியின் குழாய் கசிந்தால் மிகும். அப்போது ஒரு பொறி பட்டாலே உடுத்திய சட்டை பந்தம்போல் எரியும். குறைவதற்கு எண்ணெயே தேவையில்லை. இரும்பு துருப்பிடிப்பது என்பது பிராணவாயுவை உண்பதுதான். மாதக்கணக்கில் மூடிக் கிடந்த வெறும் அறை, எண்ணெயையே காணாத அறை, மூடியைத் திறந்து இறங்கியவனை இரண்டு மூச்சில் சாய்த்துவிடும்.

பிராணவாயுவை முதலில் அளப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. எரியும் ஆவியை அளக்கும் கருவி, உள்ளே சூடேறிய சிறு கம்பியில் அந்த ஆவியைத் துளியளவு எரித்துப் பார்த்துத்தான் அளவு சொல்கிறது. எரிய பிராணவாயு வேண்டும். அது இல்லாத இடத்தில் கருவி 'ஒன்றுமில்லை' என்று பொய் சொல்லும். ஆவி அளவுக்கு மீறி இருந்தாலும் முள் துள்ளி ஏறி, மறுபடி பூஜ்யத்துக்கே விழும்; ஏறிய கணத்தைப் பார்க்காதவர் ஏமாறுவார். கருவி வைத்திருப்பது வேறு, கருவியைப் படிக்கத் தெரிந்திருப்பது வேறு என்பதை இங்கே நான் வலியுறுத்த விரும்புகிறேன்.

எரியும் ஆவி, பற்றும் எல்லையில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அத்தரவிதி. எண்ணெய்க் கப்பல் துறையினர் பின்பற்றும் பன்னாட்டு வழிகாட்டி நூல் இன்னும் கடுமையாக நூறில் ஒரு பங்கு என்கிறது. பெட்ரோலுக்குப் பத்தில் ஒரு பங்கு என்பது 10,000 பங்கில் 14 பங்குதான். மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹைட்ரஜன் சல்பைடு என்னும் அழுகிய முட்டை நாற்ற வாயு 100க்கு 4 பங்கு சேர்ந்தால் பற்றும். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 10 லட்சம் பங்கில் 4,000 பங்கு, நெருப்பின் கணக்குப்படி 'பாதுகாப்பு'. மனிதனின் கணக்குப்படி அதில் நாலில் ஒரு பங்கே ஆளை நின்ற இடத்தில் வீழ்த்திவிடும். நெருப்புக்குத் தகுந்த இடம் நெஞ்சுக்குத் தகுந்ததாகாது. அதனால்தான் நஞ்சுவாயுச் சோதனை தனியே செய்யப்படுகிறது. சான்றிலும் ஆள் இறங்கலாம் என்பதும் நெருப்பு வேலை செய்யலாம் என்பதும் தனித்தனியே எழுதப்படுகின்றன. நாற்றத்தை நம்பலாமே என்பார்கள். அந்த வாயு 100 பங்கு அளவை எட்டும்போதே மூக்கை மரக்கச் செய்துவிடுகிறது. நாற்றம் நின்றுவிட்டது என்று மகிழ்கிற நேரமே சாவு நெருங்குகிற நேரம்.

இனி, இவ்வேலையில் பலரும் தவறவிடும் பகுதிக்கு வருகிறேன். அது அண்டை அறைகள். எண்ணெய்க் கப்பலின் வயிறு பெட்டி பெட்டியாகப் பகுக்கப்பட்டது. வேலை நடக்கும் தொட்டி சுத்தமாகத்தான் இருக்கும். சுவருக்கு அப்பால்? வெல்டிங் வில்லின் வெப்பம் 3,000 பாகைக்கு மேற்பட்டது. பெட்ரோல் ஆவி, பொறியே இல்லாமல், 300 பாகைக்குக் குறைந்த வெப்பத்திலேயே தானாகப் பற்றும். இந்தப் பக்கம் நெருப்பு வைத்தால் இரும்புத் தகட்டின் அந்தப் பக்கம் பழுக்கிறது. சுவரில் துளை விழ வேண்டிய அவசியமே இல்லை. ஒரு கனசதுரப் பெட்டிக்கு முகங்கள் ஆறு, விளிம்புகள் பன்னிரண்டு, மூலைகள் எட்டு. நாற்புறமும் மேலும் கீழும் அதே போன்ற பெட்டிகள் சூழ்ந்திருந்தால் அதைத் தொடும் பெட்டிகள் 26. மூலையால் மட்டும் தொடுவதும் அண்டைதான் என்று விதி தெளிவாகச் சொல்கிறது. கப்பலில் ஒருபுறம் கடலும் மேலே தளமும் இருப்பதால் எண்ணிக்கை குறையும். அதற்குப் பதிலாக பம்பு அறையும், இரு சுவர்களுக்கிடையே விட்ட வெற்றிடமும், நீர் நிரப்பும் பாலஸ்ட் தொட்டியும், எல்லாவற்றையும் ஊடுருவிச் செல்லும் குழாய்களும் வந்து சேரும். குழாயை மறப்பவர்கள் மிகுதி. தொட்டியைத் துடைத்து வைத்திருப்பார்கள். அதன் வயிற்றில் ஓடும் குழாய்க்குள் பழைய எண்ணெய் தேங்கி நிற்கும். சுவரில் தடித்த துருச் செதில்களுக்கு அடியிலும் எண்ணெய் ஒளிந்திருக்கும். குளிர்ந்த நிலையில் கருவிக்கு அது தெரியாது. நெருப்புப் பட்டதும் ஆவியைக் கக்கும். ஆகவே சோதிப்பவர் கருவியோடு நில்லாமல், கண்ணால் பார்க்கவும் கையால் சுரண்டவும் வேண்டும். அதற்கு அவர் உள்ளே இறங்கியாக வேண்டும்.

இந்த 'இறங்கியாக வேண்டும்' என்பதில்தான் நம் கதை இருக்கிறது. ஒரு பழுதுபார்ப்புத் துறையில், பெயர் வேண்டாம், மேற்பார்வையாளர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "குழாயை விட்டு மேலேயிருந்தே பார்த்தாயிற்றே, கையெழுத்தைப் போடுங்கள் சார். உள்ளே போகப் போகிறவர்கள் கூலிக்காரப் பசங்கள்தானே." அவர் கெட்ட மனிதர் அல்லர், என் ஊரையும் தெருவையும் அறியாதவர், அவ்வளவே. நான் இறங்கினேன். உறிஞ்சு குழாயின் வாயருகே, பள்ளத்தில், முழங்கையளவு ஆழத்துக்கு எண்ணெய்ச் சேறு கிடந்தது. மேலேயிருந்து விட்ட குழாய் அதைத் தொடவே இல்லை. அன்று நெருப்பு வேலை நடக்கவில்லை. ஒரு நாள் கூலி போயிற்றே என்று என்னை வைதவர்களும் அந்தக் கூலிக்காரர்கள்தான். நாட்கூலிக்காரனின் வயிறு அப்படி. வேலை நின்ற நாளுக்கும் கூலி உண்டு என்று ஏற்படாதவரை எந்தச் சான்றும் முழுமையாகப் பயன்படாது என்பது என் துணிபு.

சட்டம் இவ்விஷயத்தில் ஊமையாக இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு, தகுதி வாய்ந்தவர் 'தாமே செய்த சோதனையின்' பேரில் எழுத்தில் சான்று தந்தாலன்றி இத்தகைய இடத்தில் ஆள் நுழையலாகாது என்றது. இல்லையேல் மூச்சுக் கருவியும், இடுப்புவாரில் கட்டிய கயிறும், அக்கயிற்றின் மறுமுனையைப் பிடித்து வெளியே நிற்க ஓர் ஆளும் வேண்டும் என்றது. 37ஆம் பிரிவோ, எரிபொருள் உள்ள தொட்டியை மட்டுமல்லாமல், முன்பு 'இருந்த' தொட்டியையும், அதை அகற்றாமல் பற்றவைக்கலாகாது எனத் தடுத்தது. அந்தச் சட்டம் நிறைவேறியபோது தொழிலாளர் அமைச்சர் பாபு ஜகஜீவன் ராம். சட்ட அமைச்சர் அண்ணல் அம்பேத்கர். அண்ணல் அதற்கு முன்பே, 1942 முதல் 1946 வரை, வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறையை வகித்தவர். அந்த 1948 சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டத்துள் அடங்கிவிட்டது. கப்பல் உடைக்கும் துறைகளுக்கு 2019இல் தனிச் சட்டமே வந்தது. நுழையத்தக்க நிலை, நெருப்பு வேலைக்குத் தக்க நிலை இரண்டையும் வரையறுக்கும் 2009ஆம் ஆண்டு ஹாங்காங் உடன்படிக்கை 2025 ஜூன் 26 அன்று நடைமுறைக்கு வந்தது.

சட்டங்கள் இருக்கவே மரணங்களும் நிகழ்ந்தன. பாகிஸ்தானின் கடானிக் கடற்கரையில் 2016 நவம்பர் முதல் நாள், உடைப்பதற்காக நிறுத்திய எண்ணெய்க் கப்பல் வெடித்து 25 பேருக்கு மேல் இறந்தார்கள். கொச்சியில் 2018 பிப்ரவரி 13 அன்று, உலர்துறையில் நின்ற சாகர் பூஷண் என்னும் துளையிடு கப்பலில் ஐவர் இறந்தார்கள். வெட்டும் கருவியிலிருந்து கசிந்த அசிட்டிலீனே காரணம் என விசாரணையில் கருதப்பட்டது. கப்பலில் இருந்த எண்ணெயால் வந்த ஆபத்தன்று அது. வேலைக்கென நாமே கொண்டு சென்ற வாயு. அதனால்தான் உணவு இடைவேளைக்குக் கூட வாயுக் குழாயைத் தொட்டிக்குள் விட்டுவரக் கூடாது என்பது விதி.

அன்பர்களே, கப்பலில் இத்தனை சோதனையும் எந்த வாயுக்களுக்காகவோ, அதே வாயுக்கள்தாம் நம் நகரங்களின் பாதாளச் சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் நிற்கின்றன: அதே முட்டை நாற்ற வாயு, அதே மீத்தேன், அதே பிராணவாயுப் பஞ்சம். பாதுகாப்புக் கருவிகளின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. 2014இல் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர ஆணையிட்டது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அந்த 30 லட்சத்தில் மிகச் சிறு பகுதியே வாயுவை அளக்கும் கருவியின் விலை. கப்பலின் தொட்டிக்கு ஏன் சான்று கேட்கிறார்கள்? கப்பல் விலையுயர்ந்தது, வெடித்தால் காப்பீட்டுக்காரர் கேள்வி கேட்பார். சாக்கடை பெரும்பாலும் வெடிப்பதில்லை, உள்ளே போனவர் மட்டுமே மாண்டுபோகிறார். அவரைத் தூக்க இறங்கிய இரண்டாமவரும் மூன்றாமவரும் மாண்டுபோகிறார்கள். நீங்கள் செய்தித்தாளில் படிக்கும் இரட்டைச் சாவுகளுக்கும் மூன்று சாவுகளுக்கும் பெரும்பாலும் காரணம் இதுவே. விழுந்தவரை மீட்கக் கயிறும் மூச்சுக் கருவியும் வேண்டும்; பாசம் மட்டும் போதாது. தாய்மார்கள் இதனை வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

சான்றைப் பற்றி இன்னும் சிறிது. அது நிரந்தரப் பட்டயமன்று. சோதித்த நேரத்தின் நிலையையே அது சொல்கிறது. ஒரு வால்வைத் திருப்பினாலும், அண்டைத் தொட்டியில் நீரை ஏற்றி இறக்கினாலும், காலைக் குளிரில் சோதித்த தகடு உச்சிவெயிலில் காய்ந்தாலும் நிலை மாறும். வேலை தொடங்குமுன் ஒவ்வொரு முறையும் மீண்டும் பார்க்க வேண்டும். அந்தத் தாளில் எந்தெந்தத் தொட்டிகள் என்று பெயர் இருக்கும், தேதியும் மணியும் இருக்கும், நிபந்தனைகள் இருக்கும். அது தொட்டி வாயிலில், இறங்குகிறவர் கண்ணில் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். இறங்குகிறவர் அதைப் படிக்க வேண்டும்.

இவ்வேலைக்கு வேதியியல் பட்டமும், அதன் பிறகு தேர்ந்தவரின் கீழ்ச் சில ஆண்டுப் பயிற்சியும் தேவை. இந்த ஆண்டு வேதியியல் எடுத்திருக்கும் பிள்ளைகள் சிலர் இங்கே இருப்பதாக ஆசிரியர் கூறினார். நான் பயன்படுத்திய கருவி ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறேன். அந்த மேசைமேல் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வந்து கையில் எடுத்துப் பாருங்கள். ஊதிப் பார்த்தால் பிராணவாயு முள் இறங்குவதை நீங்களே காணலாம்.